ஈயின் வரலாறு: துப்பாக்கியின் முன்குறியும் அதைத் தொடும் உரிமையும்

துப்பாக்கிக் குழலின் நுனியில் ஒரு சிறு உலோக முளை நிற்கும். பின்னால் உள்ள பள்ளத்தின் நடுவே அதை நிறுத்தி, அதன் உச்சியை இலக்கின் மேல் வைத்துச் சுடுவது வழக்கம். ஆங்கிலப் படைநூல்கள் இதனை ஃபோர்சைட் என்கின்றன. தமிழில் முன்குறி எனலாம். வட இந்தியப் பேச்சுவழக்கில் இதற்கு வழங்கும் பெயர் ‘மக்கீ’, அதாவது ஈ. பாரசீகத்தில் ‘மகசக்’, ரஷ்ய மொழியில் ‘மூஷ்கா’. இரண்டிற்கும் சின்ன ஈ என்பதே பொருள். ஜெர்மானியர் மட்டும் தானியமணி என்னும் பொருளில் ‘கோர்ன்’ என்கின்றனர். குழல் நுனியில் ஓர் ஈ வந்து அமர்ந்ததுபோல் தோன்றுவதால் இப்பெயர் வந்திருக்க வேண்டும். டெல்லி முதல் மாஸ்கோ வரை ஒரே உருவகம் பரவிக் கிடப்பதன் வழித்தடத்தை மொழியியலார் தனியே ஆராயலாம்.

இந்த ஈ ஆட்டங்காண்பது துப்பாக்கிகளில் மிகச் சாதாரணமான பழுதுகளுள் ஒன்று. பெரும்பாலான ரைஃபிள்களில் குழலின் மேல் உள்ள அடிக்கட்டையில், மேற்புறம் குறுகியும் அடிப்புறம் அகன்றும் ஒரு பள்ளம் குறுக்காக வெட்டப்பட்டிருக்கும். தச்சர்கள் மரத்தில் வெட்டும் புறாவால் பொருத்தை ஒத்த அமைப்பு அது. முன்குறியின் தகடு அப்பள்ளத்துள் பக்கவாட்டில் இறுக்கமாகச் செருகப்படும். பல நூறு முறை சுட்ட அதிர்வு, கதவில் இடித்த இடி, துருவேறித் துடைத்த தேய்மானம் ஆகியவற்றால் அந்த இறுக்கம் தளர்கிறது. மருந்தோ கடினமில்லை. பள்ளத்தின் உதடுகளை மழுங்கிய உளியால் மெல்லக் கொட்டி நெருக்கலாம். மெல்லிய பித்தளைத் தகடொன்றை அடியில் வைத்துச் செருகலாம். பற்றாசு வைத்து ஒட்டலாம். சுத்தியும் அரமும் பிடிக்கத் தெரிந்த எவரும் வீட்டுத் திண்ணையில் அரைமணி நேரத்தில் முடிக்கக்கூடிய வேலை.

ஆயினும் அதன் விளைவு சிறிதன்று. லீ-என்ஃபீல்ட் ரைஃபிளின் குறுங்குழல் வகையில் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைப்பட்ட தூரம் ஏறத்தாழ 49 செ.மீ. முன்குறி ஒரு மில்லிமீட்டர் விலகினால், 100 மீட்டர் தொலைவில் குண்டு சுமார் 20 செ.மீ., அதாவது ஏறத்தாழ ஒரு சாண் விலகி விழும். அதுவும் எதிர்த் திசையில்: முன்குறி வலப்புறம் நகர்ந்தால் குண்டு இடப்புறம் செல்லும். சுடுபவரின் கண்ணும் கையும் எத்துணைப் பழகியிருந்தாலும் இந்த ஒரு மில்லிமீட்டரை அவை வெல்ல இயலாது. எனவே ஒரு துப்பாக்கி யாருடையது என்னும் கேள்வியோடு, அதன் முன்குறியைத் திருத்தும் உரிமையும் திறனும் யாரிடம் இருந்தன என்னும் கேள்வியையும் சேர்த்தே கேட்க வேண்டும். இந்திய ஆயுத வரலாற்று எழுத்தில் முதற்கேள்விக்குக் கிடைத்த கவனம் இரண்டாவதற்குக் கிடைத்ததில்லை. போர்கள், பேரரசுகள், தொழிற்சாலைகள் ஆகியவற்றைப் பேசும் நூல்கள் பழுதுபார்த்தலைப் பேசுவதில்லை. பழுதுபார்த்தவர்கள் எழுதி வைக்கவில்லை என்பது ஒரு காரணம். ஆவணக் காப்பகங்களில் தேடியவர்கள் அவர்களைத் தேடவில்லை என்பது மற்றொன்று.

முகலாயர் காலத்திலிருந்து தொடங்குவது வசதி. அபுல் ஃபசலின் ‘அயினி அக்பரி’ திரித் துப்பாக்கிகளின் உற்பத்திக்குத் தனி இடம் ஒதுக்குகிறது. இரும்புத் தகட்டைச் சுருட்டி ஒட்டிக் குழல் செய்யும் முறை, குழலைச் சோதிக்கும் முறை, பல குழல்களின் உட்புறத்தை ஒரே சமயத்தில் துலக்கும் சக்கரம் ஆகியவை அதில் விவரிக்கப்படுகின்றன. அக்பரின் விருப்பத்திற்குரிய துப்பாக்கிக்குச் ‘சங்கிராம்’ என்று பெயரே உண்டு; 1568இல் சித்தோர்க் கோட்டை முற்றுகையின்போது ஜெய்மலைச் சுட்டது அதனால்தான் என்பது அபுல் ஃபசலின் ‘அக்பர்நாமா’ தரும் செய்தி. பேரரசரின் கைக்கருவிக்குக் கிடைத்த இந்தப் புகழின் நிழலில் மற்றொரு செய்தி மறைந்து கிடக்கிறது: துப்பாக்கி அரண்மனையோடு நின்றுவிடவில்லை. டிர்க் கோல்ஃப் 1990இல் வெளியிட்ட ‘நௌக்கர், ராஜ்புத், சிப்பாய்’ என்னும் நூல், வட இந்திய உழவர் சமூகம் எந்த அளவுக்கு ஆயுதமேந்திய சமூகமாக இருந்தது என்பதை விரிவாகக் காட்டியது. உழுத கைகளே அறுவடை முடிந்தபின் கூலிப்படைக்கும் சென்றன. வரி தண்ட வருபவரை எதிர்க்கவும் அதே திரித் துப்பாக்கி பயன்பட்டது.

இத்தகைய சமூகத்தில் துப்பாக்கியைப் பழுதுபார்ப்பவர் ஊர்க் கொல்லரே. கலப்பைக் கொழுவைத் தீட்டும் உலைக்களத்திலேயே குழலின் விரிசலும் ஒட்டப்பட்டது. அருங்காட்சியகங்களில் காணும் ‘தோரதார்’ வகைத் திரித் துப்பாக்கிகளை உற்று நோக்கினால், குறிகளில் வெவ்வேறு கைகளின் வேலை தெரியும். சிலவற்றில் குழல் நுனியே விலங்கின் முகமாக வார்க்கப்பட்டு, அதன் உச்சியில் குறி அமைந்திருக்கும். சிலவற்றில் நேர்த்தியான எஃகுக் குழலின் மேல் முரட்டுப் பித்தளைத் துண்டு பற்றவைக்கப்பட்டிருக்கும். பட்டியல் தயாரிப்போர் இத்தகைய பித்தளைத் துண்டைப் ‘பிற்காலச் சேர்க்கை’ என்று ஒரே சொல்லில் கடந்துவிடுகின்றனர். ஆனால் அந்தத் துப்பாக்கி அலங்காரப் பொருளாகச் சுவரில் தொங்காமல் பயன்பாட்டில் இருந்தது என்பதற்கு அந்தச் சேர்க்கையைவிட வலுவான சான்று வேறில்லை.

கங்கைக் கரையிலுள்ள முங்கேர் இந்தக் கொல்லர் மரபின் பெருநகரம். வங்காள நவாப் மீர் காசிம், கம்பெனியாரின் பிடியிலிருந்து விலகி நிற்கும் நோக்கில் 1760களின் தொடக்கத்தில் தம் தலைநகரை முர்ஷிதாபாத்திலிருந்து அங்கு மாற்றினார்; ஆர்மீனியரான குர்கின் கானின் மேற்பார்வையில் ஆயுதச் சாலை அமைத்தார். 1764இல் பக்சாரில் அவரும் கூட்டாளிகளும் தோற்றனர். ஆட்சி போயிற்று, கைவினைஞர்கள் போகவில்லை. முங்கேரின் துப்பாக்கிக் கொல்லர்கள் அடுத்த நூற்றாண்டில் ஐரோப்பிய வேட்டைத் துப்பாக்கிகளைப் பார்த்து அவற்றைப்போலவே செய்து விற்றனர். இன்று அவ்வூரின் பெயர் செய்தித்தாள்களில் கள்ளத் துப்பாக்கியோடு மட்டுமே சேர்ந்து அடிபடுகிறது. உரிமம் பெற்ற சிறு பட்டறைகளும் அங்கே உண்டு என்பதையும், இந்தத் தொழிலுக்கு இருநூற்றைம்பது ஆண்டு வயது என்பதையும் அச்செய்திகள் சொல்வதில்லை.

பொருள் மிகச் செறிந்து கிடப்பது 1850களில்தான். 1853 மாதிரி என்ஃபீல்ட் ரைஃபிள் இந்தியாவுக்கு வந்தபோது படைத்தொழிலில் புதிய காலம் ஒன்றும் கூடவே வந்தது. அதற்குமுன் சிப்பாயின் கையில் இருந்தது வழவழப்பான உட்குழல் கொண்ட மஸ்கட்; நூறு கஜத்திற்கு அப்பால் ஒரு தனி மனிதனைக் குறிவைத்து வீழ்த்துவது அதனால் ஏறத்தாழ இயலாத செயல். கூட்டமாக நின்று கூட்டத்தின் மேல் சுடுவதே அந்தப் போர்முறை. அதில் ‘குறி’ என்பதற்கு அதிக வேலையில்லை. என்ஃபீல்டின் .577 அங்குல உட்குழலில் மூன்று சுருள்புரிகள் இருந்தன. பின்குறியில் நிமிர்த்தக்கூடிய ஏணித் தகடு ஒன்று இருந்தது. 900 கஜம் வரை தொலைவுகள் அதில் பொறிக்கப்பட்டிருந்தன. இந்த ரைஃபிளைப் பயன்படுத்துபவர் தொலைவைக் கண்ணால் மதிப்பிட வேண்டும், எண்களைப் படிக்க வேண்டும், தகட்டை நகர்த்த வேண்டும், மூச்சை அடக்கித் தனியாளாகச் சுட வேண்டும். இதைக் கற்பிப்பதற்கென இங்கிலாந்தில் ஹைத் என்னும் ஊரில் 1853இல் பள்ளி தொடங்கப்பட்டது. இந்தியாவில் டம்டம், அம்பாலா, சியால்கோட் ஆகிய மூன்று இடங்களில் பயிற்சி நிலையங்கள் அமைந்தன. பல படைப்பிரிவுகளிலிருந்து சிறு குழுக்கள் அங்கு அனுப்பப்பட்டன.

கொழுப்புத் தடவிய தோட்டாவைப் பற்றிய வதந்தி 1857 ஜனவரியில் டம்டத்தில் முளைத்தது என்பது பள்ளிப் பாடநூல்களிலேயே உள்ள செய்தி. அந்த வதந்தி முளைத்த இடம், சிப்பாய்களுக்குக் குறிபார்க்கக் கற்றுத்தந்த இடம் என்பது மட்டும் போதிய கவனம் பெறவில்லை. தோட்டாவைச் சுற்றி எழுந்த சமய அச்சத்தை வரலாற்றாசிரியர்கள் ஒன்றரை நூற்றாண்டாக ஆராய்ந்து வந்துள்ளனர், தேவையான ஆய்வுதான். ஆனால் ஆட்சியாளர்களின் மறுவினையைப் படிக்கும்போது, அவர்களின் மனத்தில் உறுத்திய பொருள் வேறொன்று என்று தோன்றுகிறது. கலகம் அடங்கியபின் தோட்டாவின் உறையை மாற்றியதோடு அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. துப்பாக்கியையே மாற்றினார்கள்.

மாற்றிய விதம் விந்தையானது. இந்தியப் படைகளுக்கென 1858ஆம் ஆண்டு மாதிரி ஒன்று தனியே வகுக்கப்பட்டது. வெளித்தோற்றத்தில் அது என்ஃபீல்டே. பூட்டு, கட்டை, வளையங்கள் எல்லாம் அதே. உட்குழலிலிருந்த சுருள்புரிகள் மட்டும் குடைந்து அகற்றப்பட்டு, .656 அங்குல வழவழப்பான குழலாக ஆக்கப்பட்டன. குடைந்ததில் குழலின் சுவர் அளவுக்கு மீறி மெலிந்தது. அதனால் அடுத்த ஆண்டே தடித்த சுவர் கொண்ட 1859 மாதிரி வர நேர்ந்தது. பின்புறம் இருந்த ஏணித் தகடு போயிற்று. அதன் இடத்தில் அசையாத, எண்களற்ற ஒரு சிறு கட்டை வைக்கப்பட்டது. தொலைவை மதிப்பிடும் தேவை சிப்பாயிடமிருந்து எடுக்கப்பட்டது. பிரிட்டிஷ் வீரனின் தோளில் ரைஃபிள். அணிவகுப்பில் அருகே நின்ற இந்தியச் சிப்பாயின் தோளில் அதே உருவில் ஒரு மஸ்கட். பத்தடி தூரத்திலிருந்து பார்த்தால் வேறுபாடு புலப்படாது. மேலதிகாரிகளின் ஐயத்தை இவ்வளவு துல்லியமாக உலோகத்தில் பதித்த வேறு பொருள் அந்நூற்றாண்டில் காண்பது அரிது.

முன்குறியை மட்டும் அவர்கள் நீக்கவில்லை. தாராள மனம் அதற்குக் காரணமாக இருந்திருக்க இடமில்லை. 1853 மாதிரியிலேயே முன்குறியின் அடிக்கட்டைக்கு இரட்டைப் பணி இருந்தது: குழலோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்ட அந்தக் கட்டையில்தான் பயனெட்டின் வளையம் மாட்டிப் பூட்டிக்கொள்ளும். அதை அகற்றினால் பயனெட் நிற்காது. தொலைவிலிருந்து சுடுவதைக் குறைத்து நெருங்கிக் குத்துவதை மிச்சம் வைத்த ஒரு கருவியில், குறி குறியாக நில்லாமல் கொக்கியாக நின்றது. உடன் நிகழ்ந்த மற்ற சீர்திருத்தங்களோடு சேர்த்தே இதைப் படிக்க வேண்டும். பீல் ஆணையம் 1859இல் தந்த பரிந்துரையின்படி ஐரோப்பியருக்கும் இந்தியருக்கும் இடையிலான விகிதம் வங்காளப் படையில் ஒன்றுக்கு இரண்டு, சென்னை, பம்பாய்ப் படைகளில் ஒன்றுக்கு மூன்று என வரையறுக்கப்பட்டது. பீரங்கிப் படை, சில மலைப் பிரிவுகள் நீங்கலாக, ஐரோப்பியர் கைக்கே சென்றது. பின்னர் பிரிட்டிஷ் படை ஸ்னைடருக்கும் மார்ட்டினி-ஹென்றிக்கும் லீ-மெட்ஃபோர்டுக்கும் மாறியபோதெல்லாம் இந்தியப் படை ஒரு தலைமுறை பின்தங்கிய துப்பாக்கியையே பெற்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் இந்த இடைவெளி மூடியது.

சிப்பாய்க்கு நேர்ந்தது இது. குடியானவருக்கு நேர்ந்தது இன்னும் கடுமை. 1858இல் அவத் மீண்டும் கைப்பற்றப்பட்டதும் அங்கு ஆயுதப் பறிப்பு தொடங்கியது. கோட்டைகள் இடிக்கப்பட்டன, நூற்றுக்கணக்கான பீரங்கிகளும் லட்சத்திற்கும் மேற்பட்ட துப்பாக்கிகளும் ஒப்படைக்கப்பட்டன. 1860இல் ஆயுதப் பறிப்புச் சட்டம் வந்தது. 1878இல் லிட்டன் காலத்தில், தாய்மொழிப் பத்திரிகைகளை ஒடுக்கிய அதே ஆண்டில், 11ஆம் எண் ஆயுதச் சட்டம் வந்தது. உற்பத்தி செய்யவும் மாற்றியமைக்கவும் விற்கவும் உரிமம் வேண்டும் என்று அது விதித்தது. அதன்கீழ் வகுக்கப்பட்ட விதிகள் ஐரோப்பியருக்குப் பெருமளவில் விலக்கு அளித்தன. அந்த இனப் பாகுபாடு முதல் உலகப் போருக்குப் பின்னரே நீங்கியது. சென்னையில் 1887இல் கூடிய மூன்றாம் காங்கிரஸ் இச்சட்டத்தைத் திருத்தக் கோரித் தீர்மானம் இயற்றியது. காங்கிரசின் தொடக்ககாலத் தீர்மானங்களை மிதவாத விண்ணப்பங்கள் என ஒதுக்கிவிடும் வழக்கம் நம் பாடத்திட்டத்தில் ஊறிப்போயிருக்கிறது. ஓர் இனத்தையே நம்பத் தகாதது என முத்திரை குத்திய சட்டத்தின் மேல் எழுந்த மனக்காயத்தை அந்த விண்ணப்ப நடை மறைத்துவிடுகிறது.

கொல்லரின் நிலை இச்சட்டத்தால் எவ்வாறு மாறியது? கலப்பையும் குழலும் ஒரே உலைக்கு வந்த நாட்கள் முடிந்தன. உரிமம் பெற்ற வணிகர்கள் பெருநகரங்களில் கடை வைத்தனர். கல்கத்தாவிலும் பம்பாயிலும் லண்டன் துப்பாக்கிகளை இறக்குமதி செய்து விற்ற கடைகளில் பழுதுபார்க்கும் பட்டறைகளும் இருந்தன. அங்கு அரம் பிடித்தவர்கள் பெரும்பாலும் இந்தியக் கைவினைஞர்களே. பெயர்ப்பலகையில் அவர்கள் பெயர் இல்லை. ஊரகங்களில் பழுதுபார்த்தல் மறைவுக்குள் சென்றது. மலைப் பகுதிகளில் என்ன நிலையில் துப்பாக்கிகள் புழங்கின என்பதற்கு ஜிம் கார்பெட்டின் ‘ஜங்கிள் லோர்’ ஒரு சிறு சாளரம். சிறுவனாக அவர் முதன்முதலில் பெற்ற இரட்டைக்குழல் துப்பாக்கியில் ஒரு குழல் மருந்து மிகுதியால் வெடித்துப் பிளந்திருந்தது. கட்டையும் குழலும் பித்தளைக் கம்பி சுற்றிக் கட்டப்பட்டிருந்தன. நைனிடால் வெள்ளையர் குடும்பத்துச் சிறுவனுக்கே அதுதான் கிடைத்தது என்றால், கீழேயுள்ள காட்டோரச் சிற்றூர்களில் காட்டுப்பன்றியை விரட்டக் காத்திருந்த உழவரின் துப்பாக்கி எந்த நிலையில் இருந்திருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

படைக்குள் பழுதுபார்த்தல் ஒரு தனித் துறையாக வளர்ந்தது. ஹூக்ளிக் கரையில், பாரக்பூருக்கு வடக்கே சற்றுத் தொலைவிலுள்ள இஷாப்பூரில், பழைய வெடிமருந்துச் சாலை இருந்த இடத்தில் இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் ரைஃபிள் தொழிற்சாலை எழுந்தது. மங்கள் பாண்டே 1857 மார்ச் 29 அன்று சுட்ட அணிவகுப்புத் திடலிலிருந்து நடந்தே செல்லக்கூடிய தொலைவு. அங்கு உருவான லீ-என்ஃபீல்டில் முன்குறியைக் காக்க, குழல் மூக்கின் இருபுறமும் காதுகள்போல் இரு தகடுகள் நின்றன. முன்குறித் தகடுகள் பல உயரங்களில் வந்தன, ஒன்றுக்கும் அடுத்ததற்கும்.015 அங்குல வேறுபாடு. குண்டு மேலே விழுந்தால் உயரமான தகடு, கீழே விழுந்தால் குட்டையான தகடு. பக்கவாட்டு விலகலைத் திருத்த, குழல் நுனியில் மாட்டித் திருகினால் தகட்டை மயிரிழை மயிரிழையாக நகர்த்தும் ஒரு கவ்வி இருந்தது. திருத்தி முடித்தபின் தகடு நகராதபடி ஒரு புள்ளி குத்தி அடையாளமிடப்படும். இவை அனைத்தும் ஆர்மரரின் வேலை. ரைஃபிளைச் சுமப்பவர் அதைத் துடைக்கலாம், எண்ணெய் இடலாம். முன்குறியைத் தொட அனுமதியில்லை. நூறு பேர் தத்தம் விருப்பப்படி குறியை நகர்த்தினால் ஒரு படைப்பிரிவின் சுடுதல் என்ன ஆகும் என்று எண்ணினால் அந்த விதியின் நியாயம் புரியும். எனினும், தன் கருவியின் மிகச் சிறிய பழுதையும் தானே தீர்க்கக் கூடாதவராகப் படைவீரர் ஆனதும் அந்த விதியால்தான்.

இஷாப்பூரின் உற்பத்தியில் இரண்டு வகைகள் இங்குக் குறிப்பிடத் தக்கவை. ஒன்று, காவலர்க்கும் சிறைக் காவலுக்கும் எனச் செய்யப்பட்ட .410 மஸ்கட். .303 ரைஃபிளின் உட்குழலைக் குடைந்து வழவழப்பாக்கி, ஒரு முறைக்கு ஒரு தோட்டா மட்டுமே இடும்படி மாற்றியது அது. 1858இன் அதே உத்தி, அரை நூற்றாண்டுக்கும் மேல் கடந்தபின். மற்றொன்று, குடிமக்களுக்கான .315 வேட்டை ரைஃபிள். படையில் புழங்கும் விட்டம் கொண்ட துப்பாக்கி பொதுமக்களுக்கு மறுக்கப்பட்டதால், லீ-என்ஃபீல்டின் அதே இயக்க அமைப்பில் வேறு விட்டக் குழல் பொருத்தி விற்கப்பட்டது. நாடு விடுதலை பெற்றபின்னும் அந்த ரைஃபிள் உற்பத்தியில் தொடர்ந்தது. வட இந்திய ஊர்களில் உரிமத்தோடு ரைஃபிள் வைத்திருக்கும் குடும்பங்களில் இன்றும் பெரிதும் காணக்கிடைப்பது அதுவே.

தேசிய இயக்கம் இந்தப் பொருளை மறக்கவில்லை. காந்தி 1918இல் கேடா மாவட்டத்தில் படைக்கு ஆள் சேர்க்கச் சென்றபோது வெளியிட்ட துண்டறிக்கையில், ஒரு முழு நாட்டையும் ஆயுதமற்றதாக்கிய சட்டத்தைப் பிரிட்டிஷ் ஆட்சியின் தீச்செயல்களுள் மிகக் கரியது என்று வரலாறு கருதும் என எழுதினார். தன்வரலாற்றிலும் அதை நினைவுகூர்ந்தார். உப்புச் சத்தியாகிரகத்திற்குமுன் 1930 ஜனவரியில் அவர் முன்வைத்த பதினோரு கோரிக்கைகளில் ஒன்று, மக்கள் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டுத் தற்காப்புக்கான துப்பாக்கி உரிமம். அகிம்சையின் பெயரால் அறியப்பட்டவரின் பட்டியலில் இது இருப்பதைக் கண்டு மாணவர்கள் வியப்பதுண்டு. கோழைத்தனத்தையும் அகிம்சையையும் அவர் ஒருபோதும் ஒன்றாகக் கருதியதில்லை என்பதை மறப்பதால் எழும் வியப்பு அது. 1931 கராச்சித் தீர்மானம் ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையை அடிப்படை உரிமைகளின் வரிசையில் சேர்த்தது.

அரசமைப்பு அவையில் அந்த வரிசை மாறியது. எச்.வி. காமத் 1948 டிசம்பரில் அவ்வுரிமையைச் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. ஒவ்வொருவரும் தடையின்றிச் சந்தையில் ஆயுதம் வாங்கும் நிலையில் அரசு எவ்வாறு நிருவாகம் நடத்தும் என்பது அவர் எழுப்பிய கேள்வி. பிரிவினைப் படுகொலைகள் நடந்து ஓராண்டே கடந்திருந்தது. கேள்வியின் எடையை அந்தப் பின்னணியிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது. ஊருக்குள் துப்பாக்கி யார் கையில் இருந்தது, யார் கையில் இல்லை என்பதை அறிந்தவர் எழுப்பிய கேள்வி அது என்பதும் கருத்தக்கது.

1959இல் சுதந்திர இந்தியா தன் ஆயுதச் சட்டத்தை இயற்றியது. அதன் 5ஆம் பிரிவு, உற்பத்தி, விற்பனை, மாற்றியமைத்தல் ஆகியவற்றோடு பழுதுபார்த்தல், சோதித்தல் என்னும் சொற்களையும் வெளிப்படையாகச் சேர்த்து, அனைத்திற்கும் உரிமம் வேண்டும் என்கிறது. ‘ஆயுதம்’ என்பதன் வரையறைக்குள் அதன் பாகங்களும் அடங்கும். சொல்லுக்குச் சொல் படித்தால், புறாவால் பள்ளத்தில் அசையும் அந்தச் சிறு தகடும் ஆயுதமே. அதை உளியால் தட்டி இறுக்குவதும் பழுதுபார்த்தலே. துப்பாக்கி வைத்திருக்க உரிமம் பெற்றவர்க்கு அதைச் சரிசெய்யவும் தானாக உரிமை கிடைத்துவிடுவதில்லை. எண்ணெய் இடுவது எங்கே முடிகிறது, பழுதுபார்ப்பது எங்கே தொடங்குகிறது என்னும் கோட்டை அந்தப் பிரிவு வரையவில்லை. காலனிய அரசின் ஐயத்திலிருந்து பிறந்த சட்டத்தை மாற்ற வந்த சட்டம், இந்த ஒரு சொல்லளவில் அதைவிட இறுக்கமானது. இதைக் குறையென்று மட்டும் கொள்வதும் சரியன்று: கள்ளத் துப்பாக்கி பெருகிய மாவட்டங்களில் ‘பழுதுபார்க்கிறோம்’ என்பது உற்பத்திக்கு எளிதான போர்வை. ஆனால் அந்தப் போர்வையைக் கிழிக்க வகுத்த சொல், தாத்தாவின் துப்பாக்கியோடு அறுபது கல் பயணம் செய்து உரிமம் பெற்ற கடையைத் தேடும் உழவரையும் சேர்த்தே கட்டுகிறது. அத்தகைய கடைகளோ ஆண்டுக்காண்டு அருகி வருகின்றன. அரம் பிடிக்கத் தெரிந்த முதியவர் மறைந்தால் அவருக்குப் பின் அந்த இருக்கையில் அமர ஆளில்லை.

இந்த வரலாற்றில் குடகு தனித்து நிற்கிறது. மைசூர், குடகின் தலைமை ஆணையராக இருந்த மார்க் கப்பன், 1857இல் காட்டிய விசுவாசத்திற்கு நன்றியாகக் குடகரை ஆயுதப் பறிப்புச் சட்டத்திலிருந்து 1861 பிப்ரவரியில் விலக்கினார். விடுதலைக்குப் பின்னும் 1963 அறிவிக்கை வழியே, குடகு இனத்தவர்க்கும் ஜம்மா நிலம் உடையோர்க்கும் அவ்விலக்கு நீடித்தது. 2019இல் மேலும் பத்தாண்டுக்கு நீட்டிக்கப்பட்டது. இனத்தின் அடிப்படையிலான சலுகை எனத் தொடுக்கப்பட்ட வழக்கில் கர்நாடக உயர்நீதிமன்றம் 2021இல் விலக்கைச் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. ஏனைய இந்தியரிடமிருந்து பறிக்கப்பட்டதன் மறுபக்கமே இந்தச் சலுகை என்பதை நினைவில் வைத்துக்கொண்டுதான் அதன் பண்பாட்டு வடிவங்களைப் பார்க்க வேண்டும். ஆண் குழந்தை பிறந்தால் வானை நோக்கி ஒரு வேட்டு. இறப்பு நேர்ந்தால் இரண்டு.

ஆண்டுதோறும் செப்டம்பர் தொடக்கத்தில், நடவு வேலை முடிந்த கையோடு, குடகு வீடுகளில் கைல்போத் திருநாள் வருகிறது. வேளாண் கருவிகளும் துப்பாக்கிகளும் எடுத்துத் துலக்கப்பட்டு வரிசையாக வைத்து வழிபடப்படுகின்றன. பழுதுகள் கண்ணில் படும் நாளும் அதுவே: கட்டையில் விரிசல், குழலில் துரு, நுனியில் ஆடும் ஈ. அந்நாளில் துப்பாக்கிகளுக்குச் சூட்டும் மலர் ‘தோக் பூ’. குடகு மொழியில் தோக் என்றால் துப்பாக்கி. தமிழர் அதனைச் செங்காந்தள் என்பர்.